பாரசீக நன்றியும் எங்கள் வீட்டுக் கோபமும்

சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் சின்னது. ஒரு மாடியில் பாதிதான் எங்களுடையது. மீதியில் பல் ஆஸ்பத்திரி. எங்கள் நிறுவனத்துக்கு வந்த வேலைகளிலேயே நான் அதிகம் சிரித்தது பாரசீக மொழி வேலையில்தான்.

வெளிநாடுகளில் வாழும் ஈரானியர்களுக்குக் குங்குமப்பூ, பிஸ்தா, இனிப்பு விற்கும் ஓர் ஆன்லைன் கடை. வாங்கியவர்கள் பாரசீகத்தில் எழுதும் கருத்துகளைக் கணினியே படித்து, எழுதியவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா, கோபமா, வருத்தமா என்று கண்டுபிடித்து, அதற்கேற்ற பதிலை அனுப்ப வேண்டும். எங்களில் ஒருவருக்கும் பாரசீகம் தெரியாது. எழுத்து வலமிருந்து இடம் போகும் என்பதோடு என் அறிவு முடிந்தது. ஏராளமான வாக்கியங்களைப் படித்துப் பழகிய, 'மொழி மாதிரி' எனப்படும் கணினி நிரல் ஒன்று கையில் இருந்ததால் தைரியமாக ஒப்புக்கொண்டோம். ஆங்கிலத்தில் இருந்த கருத்துகளைப் பாரசீகத்துக்கு மாற்றி அதற்குப் பயிற்சி கொடுத்தோம். சோதனையில் நன்றாகவே வந்தது. பிரியாணி வாங்கிக் கொண்டாடினோம்.

பிரியாணி செரிப்பதற்குள் கடையை நடத்தும் அம்மாள் வீடியோ அழைப்பில் வந்துவிட்டார். "எங்களுக்கு நன்றி சொல்கிறவர்களிடமெல்லாம் ஏன் மன்னிப்புக் கேட்கிறீர்கள்?" என்றார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

என் தோழி குடியிருக்கும் அடுக்ககத்தில் ஓர் ஈரானியப் பெண் இருந்தாள். பக்கத்துக் கல்லூரியில் மருந்தியல் ஆராய்ச்சி செய்பவள். உதவி கேட்டதும் வந்தாள். என்னோடு ஆங்கிலத்தில் பேசினாள். கோயம்புத்தூரில் கற்ற தமிழில் எதைச் சொன்னாலும் கடைசியில் 'ங்க' சேர்த்துவிடுவாள். "கம்ப்யூட்டர்ங்க எங்கங்க?" என்று கேட்டபடிதான் உள்ளே நுழைந்தாள்.

திரையைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தவள் தண்ணீர் கேட்கும்வரை சிரித்தாள். 'உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும்' என்று பலர் எழுதியிருந்தார்கள். எங்கள் நிரல் அதை 'வலி, வருத்தம்' என்று குறித்து, ஆறுதல் பதில் அனுப்பியிருந்தது. அது பாரசீகத்தில் நன்றி சொல்லும் வழக்கம். அழகாகக் கட்டி வந்த இனிப்புப் பெட்டியைப் பார்த்துப் பூரித்த ஒருவர், கட்டியவரை நினைத்து 'உன் ஈரலைத் தின்ன வேண்டும்' என்று எழுதியிருந்தார். குழந்தையைக் கொஞ்சுகிற பேச்சு அது. அவருக்கு, 'உங்கள் கோபம் எங்களுக்குப் புரிகிறது' என்று பதில் போயிருந்தது.

அந்தச் சொற்களுக்கெல்லாம் 'மகிழ்ச்சி' என்று சொல்லிக் கொடுத்துத் திருத்தினோம். மன்னிப்புகள் நின்றன. அதன் பிறகு வந்த கருத்து ஒன்று: 'டப்பா உடைந்து வந்தது. உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும். இப்போது என் கம்பளம் முழுக்கக் குங்குமப்பூ வாசனை.' எங்கள் நிரல் அவருக்கு, 'உங்கள் அன்புக்கு நன்றி, மறுபடியும் வாங்குங்கள்' என்று அனுப்பிவிட்டது.

"குத்தலாகவும் அப்படிச் சொல்வோம்" என்றாள் அவள். "சொல் ஒன்றுதான். ஆனால் கேட்டால் தெரிந்துவிடும்."

எப்படித் தெரியும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அதே யோசனையோடு கருமத்தம்பட்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு விசைத்தறி. தறிக்கு நூல் மாறி வந்துவிட்டதால் வியாபாரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நூல் வந்துதுங்க. ரொம்ப சந்தோசமுங்க. நாங்க கேட்டது ஒண்ணுங்க, நீங்க அனுப்புனது ஒண்ணுங்க. நல்லாச் செஞ்சுபோட்டீங்க. நீங்க நல்லா இருக்கோணுமுங்க."

அம்மா சமையலறையிலிருந்தே, "உங்கப்பனுக்குக் கோவம் மண்டைக்கு ஏறிப்போச்சு. இந்தக் காப்பியக் கொண்டுபோய்க் குடு கண்ணு" என்றாள்.

அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வாயில் ஒரு கெட்ட வார்த்தையும் வரவில்லை. நூல் மாறி வந்தது அம்மாவுக்குத் தெரியும், அவ்வளவுதான். காப்பியோடு நடந்தபோதே எனக்கு வழி புரிந்துவிட்டது.

மறுநாள் அந்த ஈரானியப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள், "உங்கள் அப்பாவுக்குப் பாரசீகம் நன்றாகத் தெரிகிறது" என்றாள். இருவரும் உட்கார்ந்து நிரல் வேலை செய்யும் முறையை மாற்றினோம். ஒரு சொல்லை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், என்ன நடந்தது என்பதை நிரல் முதலில் சொல்ல வேண்டும். பிறகுதான் எழுதியவர் மனநிலையைச் சொல்ல வேண்டும். நடந்த செயலும் எழுதிய சொல்லும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் பதில் அனுப்பாமல் கடையில் உள்ள ஓர் ஆளிடம் தள்ளிவிட வேண்டும். ஒரே வாழ்த்து அன்பாகவும் குத்தலாகவும் வருகிற எடுத்துக்காட்டுகளை அவளே எழுதிக் கொடுத்தாள். தவறுகள் அடியோடு போய்விடவில்லை. ஆனால் கடைக்கார அம்மாள் அடுத்த அழைப்பில் சிரித்த முகமாக வந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஈரானியப் பெண்ணை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தேன். அம்மா அரிசியும் பருப்பும் சாதம் செய்திருந்தாள். அம்மா கரண்டியை எடுத்ததும் அவள், "போதும்ங்க, வேண்டாம்ங்க" என்று தட்டை மூடினாள். "வந்த ஊட்டுல அப்படிச் சொல்லக்கூடாது அம்மணி" என்று அம்மா அவள் கையை விலக்கிவிட்டுப் போட்டாள். மறுபடி மறுத்தாள், மறுபடி போட்டாள். இருவருக்கும் அந்த உபசார முறை தெரிந்திருந்ததால் எனக்கு மொழிபெயர்க்கும் வேலையே இருக்கவில்லை.

அடுத்துக் குக்கரைச் சுரண்டியபோது அம்மாவின் முகம் வாடியது. அடி பிடித்துக் காந்தியிருந்தது. மூடி போட்டு ஓரமாக நகர்த்தினாள். விருந்துக்கு வந்தவள் எட்டிப் பார்த்து, "அதுங்க எனக்குங்க" என்றாள்.

"அய்யோ, காந்திப்போச்சு கண்ணு. அது வேண்டாம். மேல இருக்கறதப் போடறேன்."

"அதுதாங்க வேணும்ங்க."

அம்மா என் பக்கம் திரும்பி மெதுவாக, "நாம சங்கடப்படுவோம்னு மருவாதிக்குச் சொல்றாளா?" என்று கேட்டாள். ஈரானில் சோற்றுப் பானையின் அடியில் முறுகிப் பிடிப்பதுதான் விருந்தாளிக்கு உரிய பங்கு என்று அவள் ஆங்கிலத்தில் விளக்க, நான் தமிழில் சொன்னேன். அம்மா நம்பவில்லை. கடைசியில் அவளே எழுந்து போய்க் குக்கரைத் திறந்து, காந்தலைப் பேர்த்து எடுத்து, நின்றபடியே கறுக்மொறுக்கென்று கடித்தாள். நெய்யும் பூண்டும் இறங்கிச் சிவந்த துண்டு.

அப்பா தன் தட்டை நீட்டினார். "எனக்கும் ஒரு துண்டு போடு. இத்தன வருசமா இதத் தண்ணி ஊத்திக் கழுவிப்போட்டயே."