பீர்க்கன்கரணைச் சுரங்கம்

புத்தகம் ஒட்டும் மைதாப் பசையில், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்தால் எழும் அந்தக் கசந்த வாடைதான் எனக்குச் சரித்திரத்தின் வாடை. எண்பதுகளில் மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்த அம்மாக்கள் பலரும் செய்ததையே என் அம்மாவும் செய்தாள். வாரப் பத்திரிகையைப் படித்து முடித்ததும் நடுப் பின்னை நெம்பி, பிடித்த தொடரின் பக்கங்களை மட்டும் உருவி, மெத்தைக்கு அடியில் சேர்த்துவைத்து, தொடர் முடிந்ததும் மார்க்கெட் பக்கத்து 'பைண்டிங்' கடையில் கொடுத்துத் தைத்து வாங்குவாள். அப்படி வந்த ஒரு தடித்த புத்தகத்தில், கற்காலம் தொடங்கி சுதந்திரப் போராட்டம் வரை வாராவாரம் தொடராக வந்த சரித்திரக் கதைகள் இருந்தன. பிரமிடு கட்டியவர்கள், சீன யாத்ரீகர்கள், பல்லவர், சோழர், மிளகு தேடிக் கப்பலில் வந்தவர்கள் என்று எல்லாரும் அதற்குள் குடியிருந்தார்கள். பக்கத்தைத் திருப்பினால் கத்தரிக்காய் கொத்சு செய்முறையும் தலைவலித் தைல விளம்பரமும் எட்டிப் பார்க்கும்.

அந்தப் புத்தகத்தில் சில வாரங்கள் இல்லை. மாடி வீட்டு அக்கா இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராத வாரங்கள் அவை. "போனது போனதுதான், இனிமே பத்திரிகை கையை விட்டுப் போகாது" என்று அம்மா மாதம் ஒருமுறை சபதம் செய்வாள், அடுத்த வாரமே கொடுத்தும் விடுவாள்.

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது வெள்ளிக்கிழமை கடைசி 'பீரியட்' நீதிபோதனை. சரோஜா டீச்சருக்கு அந்த நேரத்தில் நோட்டுகளைத் திருத்தியாக வேண்டும். "எவளாவது எழுந்து ஒரு கதை சொல்லுங்கடி, சத்தம் மட்டும் வரக்கூடாது" என்பார். நான்தான் எழுந்தேன். படிப்பிலும் சுமார், விளையாட்டிலும் சுமார் என்று இருந்த எனக்கு அதற்குப் பிறகுதான் வகுப்பில் ஒரு மரியாதை வந்தது. மணி அடித்த பிறகும் பையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ருசி பொல்லாதது, பழகிவிட்டால் விட முடியாது.

ஒரு வெள்ளிக்கிழமை, எதிரிகள் முற்றுகையிட்ட கோட்டை ஒன்றின் கதையைச் சொன்னேன். கோட்டைக்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்ற இடத்தில் அந்த வாரம் முடிந்திருந்தது. அடுத்த வாரம் மாடி வீட்டோடு போய்விட்ட வாரம். மீதி இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மறு வெள்ளிக்கிழமை எழுந்து, கோட்டை மடைப்பள்ளியில் வேலை செய்யும் ஒரு பெண்ணை நானே உண்டாக்கி, பெயரும் வைத்து, நெல் குதிருக்கு அடியில் ஒரு கல்லை அவளைப் பெயர்க்கவைத்து, விளக்கோடு எல்லாரையும் ஒரு சுரங்கத்தின் வழியே நடத்திக்கொண்டு போனேன்.

"சுரங்கம் எங்கடி போய் முடியுது?" என்று கேட்டாள் என் பெஞ்சில் உட்காரும் பிலோமினா. கொத்தனாரின் மகள். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் வீடு. அவள் வகுப்பில் வாயைத் திறந்ததே அன்றுதான்.

"உங்க பீர்க்கன்கரணை ஏரிக்கரையிலதான்" என்றேன், அவளைச் சந்தோஷப்படுத்த.

"எங்க வூட்டாண்டயா?" என்றாள் பிலோமினா. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தம்பிகளோடு கரையை மிதித்து மிதித்துப் பார்த்திருக்கிறாள், எங்காவது பொந்து போல் ஒலிக்கிறதா என்று.

அடுத்த மாதம் வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் கதை சொல்லும் போட்டி வந்தது. நிஜமாக நடந்த வரலாற்றுக் கதையாக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் பிலோமினா அந்தச் சுரங்கக் கதையை ஒரு வெள்ளிக்கிழமை எழுந்து கணீரென்று சொல்லிக் காட்டியிருந்ததால், சரோஜா டீச்சர் அவளையே தேர்ந்தெடுத்தார். "கதை உன்கிட்ட இருக்கு, குரல் அவகிட்ட இருக்கு. நீ எழுதிக் குடு, அவ சொல்லட்டும்" என்றார். பிலோமினாவோ சுரங்கக் கதையைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்றாள்.

"சோழர் கதை சொல்லேன்டி, நல்லா இருக்கும்" என்று கெஞ்சினேன்.

"இன்னாத்துக்கு? இதான் எங்க ஊரு கதை" என்றாள்.

போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. பொய் என்று சொன்னால் டீச்சர் முகத்தில் விழிக்க முடியாது, வகுப்பு சிரிக்கும், அம்மா தலை குனிவாள். சொல்லாவிட்டால் இவள் போய் மாட்டிக்கொள்வாள். இரண்டு பக்கமும் கதவைச் சாத்தியது நானேதான். தினமும் அவளோடு உட்கார்ந்து அந்தப் பொய்யை இன்னும் அழகாகச் சொல்லப் பழக்கினேன்.

போட்டிக்கு அவள் அப்பா வேலைக்குப் போகாமல், சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நகத்தில் மட்டும் சுண்ணாம்பு இருந்தது. பிலோமினா பிரமாதமாகச் சொன்னாள். முடித்ததும் நடுவராக வந்திருந்த ஒரு வரலாற்று ஆசிரியர், "இது எந்தப் புத்தகத்துல இருக்கும்மா?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"கீது சார்" என்றாள்.

"இல்லம்மா. இட்டுக்கட்டினதை வரலாறுன்னு சொல்லக்கூடாது. போய் உட்காரு."

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். என்ன நடந்தது என்று புரியாத அவள் அப்பா பின்வரிசையில் எழுந்து நின்று, தனியாளாகக் கை தட்டினார். அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் போவேன், சொல்லாமல் திரும்புவேன். பிலோமினா ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் மேல் வெறுப்பு என்றே எண்ணியிருந்தேன்.

பைண்டிங் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தொடர்களை உருவித் தைக்கிறவர்கள் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. நீதிபோதனை வகுப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. போன வருடம் தாம்பரம் ஸ்டேஷனில் பிலோமினாவைப் பார்த்தேன். கையில் பேத்தியைப் பிடித்திருந்தாள். இந்தமுறை சொல்லிவிடுவது என்று, "பிலோ, அன்னிக்கு அந்தப் போட்டியில..." என்று ஆரம்பித்தேன்.

"வுடுடி, அந்த சாருக்கு இன்னா தெரியும்? நீ படிச்சுட்டுத்தானே சொன்ன. கரை முச்சூடும் ஃபிளாட்டு கட்டிட்டானுங்க, இல்லாங்காட்டி தோண்டியே காட்டியிருப்பேன்" என்றாள். பிறகு பேத்தியிடம், "சுரங்கம் கதை சொல்வேனே, அது இவங்க சொன்னதுதான்" என்றாள்.

"கல்லைப் பேத்த அந்தப் பொண்ணு பேரு இன்னா ஆயா?" என்று கேட்டது குழந்தை.

"எனக்கு மறந்துபூட்ச்சி. நீ சொல்லுடி" என்று பிலோமினா என்னைப் பார்த்தாள்.

நான் என்ன பெயர் வைத்தேன் என்பது எனக்கும் மறந்துபோயிருந்தது. வண்டி வரும் சத்தம் கேட்டது. வாயில் வந்த ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன்.

"ஆங், அதான்" என்றாள் பிலோமினா.