சபர் முடிந்தவரோடு ஒரு பயணம்

சேக் அலாவுதீன் சவுதியின் தம்மாமிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பிய அன்று, காரைக்காலில் அவர் வீட்டு வாசலில் செருப்பு விட இடமில்லாமல் சொந்தபந்தம் கூடியிருந்தது. ஒரு வாரத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். மகள் பஹீமா சிங்கப்பூரில், மகன் நூருல் அமீன் துபாயில். மாடி வைத்துக் கட்டிய வீட்டில் அவரும் மனைவி சுல்தான் பீவியும் மட்டும் மிஞ்சினார்கள்.

கல்யாணமான வருஷமே சபருக்குப் போனவர். வெளிநாட்டுப் பிழைப்பை அவர்கள் தெருவில் சபர் என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். கொண்டுவந்த சென்ட் வாசம் அலமாரியை விட்டுப் போவதற்குள் கிளம்பிவிடுவார். பிள்ளைகளின் காய்ச்சல், பள்ளிக்கூடம், வீடு எழும்பியது, மாமியாரின் மவுத்து, அடக்கம் எல்லாமே சுல்தான் பீவி தனியாக நின்று பார்த்தவை. இப்போது நரைத்த தாடியோடு ஒருவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு டீயில் சர்க்கரை எவ்வளவு போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரும் கேட்க விடவில்லை. விடிந்ததும் தனக்கு மட்டும் ஒரு டம்ளர் போட்டுக் குடித்து, கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார். பிறகு அவள் எழுந்து தனக்கு மட்டும் போட்டுக்கொள்வாள். சண்டை என்று ஒன்றும் இல்லை. ஒரே லாட்ஜில் அடுத்தடுத்த அறைக்காரர்கள் போல இருந்தார்கள்.

2007-இல், மழை விட்டபிறகு, அஜ்மீர் தர்காவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் பீர் மைதீன் வீட்டுக்கு வந்தார். அலாவுதீன் யோசிக்காமல் இரண்டு பேர் என்று சொல்லிவிட்டார். சுல்தான் பீவிக்கு ஆச்சரியம். நாகூரையும் சென்னையையும் தாண்டி அவள் எங்கும் போனதில்லை.

ரயில் ஆந்திராவைத் தாண்டியதும் அவள் கணவர் வேறு ஆளாகிவிட்டார். எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்த வடநாட்டுக்காரர்களோடு இந்தியில் பேசினார். சாயா விற்பவனை ஏதோ கிண்டல் செய்தார். தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் ஒரு நாளும் வீட்டில் கேட்டதில்லை. என்ன சொல்லிச் சிரிக்கிறார் என்றும் புரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஊரில் தனியாக இருந்தபோதுகூட இப்படித் தனியாக இருந்ததில்லை என்று தோன்றியது.

அஜ்மீரில் தர்காவுக்குள் போய் துஆ கேட்டு ஜியாரத் முடிந்தது. மற்றவர்கள் வளையல் கடைக்குக் கிளம்பினார்கள். அலாவுதீன் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார்.

"பக்கத்துல கிஷன்கட்னு ஒரு ஊரு. போயிட்டு வரணும். நீயும் வர்றியா?"

"அங்க யாரு இருக்கா?"

"பன்வாரி."

"அது யாருங்க?"

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "தம்மாம்ல என்கூட ஒரே ரூம்ல இருந்தாரு. பத்தொம்பது வருஷம். போன வருஷம்தான் ஊருக்கு வந்தாரு. அப்புறம் போனே கெடைக்கல."

பத்தொன்பது வருஷம். அத்தனை கடுதாசியில், அத்தனை போனில், அந்தப் பெயர் ஒரு தரம்கூட வந்ததில்லை.

பளிங்குக் கல் அறுக்கும் ஊர் அது. மரத்து இலையெல்லாம் வெள்ளைத் தூசி. விசாரித்து விசாரித்து ஒரு சந்துக்குள் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். அலாவுதீன் வாசலிலிருந்தே "பன்வாரி பாய்!" என்று குரல் கொடுத்துக்கொண்டு உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிர்ச் சுவரில், பெரிய மீசை வைத்த ஒருவரின் போட்டோவுக்குச் சந்தன மாலை போட்டிருந்தது.

பன்வாரியின் மனைவி முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். அலாவுதீன் பெயரைச் சொன்னதும் அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. சுல்தான் பீவியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு தரையில் அமர்ந்து, அலாவுதீனிடம் மெதுவான குரலில் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். அலாவுதீன் பதில் சொல்லிக்கொண்டே அழுதார். நடுவில் சிரிக்கவும் செய்தார்.

"என்ன கேக்குறாங்க?" என்றாள் சுல்தான் பீவி.

அலாவுதீன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரு அங்க எப்புடி இருந்தாருன்னு கேக்குறாங்க. எதை விரும்பிச் சாப்புடுவாரு, தூக்கத்துல பேசுவாரா, பாட்டுப் படிப்பாரான்னு. ஊருக்கு வந்து நாலு மாசத்துல போய்ட்டாராம். கேக்குறதுக்குள்ள போய்ட்டாருங்குறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெள்ளிக்கிழமை லீவுல நான் மீன் கொழம்பு வைப்பேன். அவரு மீனைத் தொடமாட்டாரு. ஆனா எனக்காக மூக்கைப் பொத்திக்கிட்டு மீன் கழுவித் தருவாரு. அதைச் சொன்னேன்."

சுல்தான் பீவி அந்த அம்மாளைப் பார்த்தாள். தன் புருஷன் எப்படிப்பட்டவர் என்று ஒரு வேற்று ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பெண். சுல்தான் பீவி எழுந்து போய் அந்த அம்மாளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டாள். பேச ஒரு பாஷை இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அலாவுதீன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நாலு பேர் பார்க்கிறார்களே என்று நினைக்காமல் சுல்தான் பீவி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்து, "மீன் கொழம்புக்குத் தேங்கா அரைச்சு ஊத்துவீங்களா?" என்று கேட்டாள்.

"அங்க ஏது அம்மி? டப்பாத் தேங்காப்பாலுதான்."

"புளி?"

"புளி போடுவேன். கொஞ்சம் கூடிப்போகும்."

அவள் சிரித்துவிட்டாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நான் ஒண்ணு கேக்கவா? சுனாமி அன்னிக்கு நீ எங்க இருந்த? போன்ல 'நல்லா இருக்கோம்'னு மட்டுந்தான் சொன்ன."

"வீட்டுலதான் இருந்தேன். அல்லிக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்."

"அல்லி யாரு?"

கடலோரத்துக் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து தினமும் கூடையில் மீன் கொண்டுவந்தவள் என்று சுல்தான் பீவி சொன்னாள். வாசற்படியில் உட்கார்ந்து மீனைக் கழுவி அறுத்துக் கொடுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். பஹீமா கல்யாணமாகிப் போன மறுநாள், வியாபாரத்தை விட்டுவிட்டு அன்று முழுக்கக் கூடவே இருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை. அவளைத் தெரியாத மனிதரிடம் போனில் எங்கே தொடங்கி என்னவென்று சொல்வது?

அலாவுதீன் குறுக்கே பேசாமல் கேட்டார். அஜ்மீர் வந்து பஸ் நின்றபிறகும் இருவரும் எழவில்லை. கண்டக்டர் வந்து இறக்கிவிட்டார்.

ஊர் திரும்பியதும் தனிமை ஒன்றும் ஓடிப்போய்விடவில்லை. பிள்ளைகளின் போன் வெள்ளிக்கிழமைதான் வந்தது. மாடி அறைகள் பூட்டியே கிடந்தன. ஆளுக்கொரு மூலையில் வாயடைத்து உட்கார்ந்திருக்கும் மத்தியானங்களும் இருந்தன. அத்தனை வருஷத்தை ஒரு பயணத்தில் பேசித் தீர்க்க முடியுமா? அடுத்த வருஷம் மைசூர் போனார்கள், அதற்கு அடுத்த வருஷம் கொச்சி. பீர் மைதீன் கூட்டத்தோடு அல்ல, இரண்டு பேராக. ரயில் கிளம்பியதும் முதலில் சுல்தான் பீவிதான் கேட்பாள், "சொல்லுங்க, அப்புறம்?" என்று.