பலகை இடுக்கில் விழுந்த பகடை

மழைக்காலக் கொடைக்கானல் என்றதும் எனக்கு முதலில் வருவது கணப்புக்கு முன்னால் கொடியில் காயும் ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடைதான். அந்த வாடைக்குக் கீழே, மரப்பலகைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, எண்பதுகளின் நடுவில் ஒரு விடுமுறை முழுக்க நாங்கள் பூதங்களோடு சண்டை போட்டோம்.

சண்டை வாயால்தான். பக்கத்து வீட்டு டேனியல் அண்ணனின் அப்பா விடுதிப் பள்ளி ஒன்றில் சமையல்காரர். ஊர் திரும்பிய வெளிநாட்டுப் பையன் ஒருவன் அவரிடம் விட்டுப்போன பெட்டியில் ஆங்கில விதிப்புத்தகம் ஒன்றும், இருபது முகம் கொண்ட பகடை ஒன்றும் இருந்தன. ஆளுக்கொரு வீரனாக நம்மை நினைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். கதையை நடத்தும் அண்ணன் குறைந்தது எத்தனை விழ வேண்டும் என்பார். பகடை தீர்ப்புச் சொல்லும். ஆடுவது நானும் ஸ்டெல்லாவும். அவள் மலைக்குள் தள்ளியிருக்கும் கூக்கால் கிராமத்துக்காரி, என் வகுப்பு, படிப்புக்காக எங்கள் தெருவில் சித்தி வீட்டில் இருந்தாள். மண் சரிந்து பஸ் நின்றுபோக, விடுமுறைக்கு ஊர் போக முடியாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவளைச் சிரிக்க வைத்தது இந்த ஆட்டம்தான்.

அவளிடம் ஒரே தொல்லை, நேராகப் போய் வெட்டவே மாட்டாள். "குட்டிக்கரணம் அடிச்சு, அவன் தலைக்கு மேல தாண்டி, பின்னாடி நின்னு வெட்டுறேன்" என்பாள். அண்ணன் புத்தகத்தைப் புரட்டுவார். வெட்டவும் ஓடவும் ஒளியவும் விதி எழுதிய புண்ணியவான்கள் கரணத்தை மட்டும் மறந்திருந்தார்கள். சும்மா விட்டால் இவள் தரையில் கால் வைக்க மாட்டாள், கூடாதென்றால் அழுவாள். கடைசியில் அண்ணனே ஒரு வழி கண்டுபிடித்தார்: கரணம் அடிக்கலாம், ஆனால் தவறினால் என்ன கேவலம் நேரும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும், கேவலம் பெரிதாகப் பெரிதாக, விழ வேண்டிய எண் குறையும்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. வாள் கைநழுவும் என்பாள், போதாது என்போம். சேற்றில் குப்புற விழுவேன், பூதத்தின் மடியில் போய் உட்காருவேன், அது எனக்குத் தாலாட்டுப் பாடும் என்று ஏற்றிக்கொண்டே போவாள். "இம்புட்டுச் சோலி கெடக்கு, அங்க என்ன புள்ளைகளா இளிப்பு?" என்று அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போடுவாள், சொல்லிவிட்டு அவளும் சிரிப்பாள்.

ஒருநாள் பாலத்தை மறித்து ஒரு பூதம் நின்றது. ஸ்டெல்லாவின் வீரனுக்கு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. செத்தவர் கதை முடியும்வரை ஆட்டத்தில் சேர முடியாது என்பது எங்கள் விதி. செத்தால் மீதி விடுமுறைக்கு அவளுக்குச் சித்தி வீட்டுச் சுவர்தான் துணை. ஓடிவிடு என்று கெஞ்சினேன். கேட்டால்தானே!

"தாண்டுறேண்ணே. தவறுனா செத்துட்டேன்னு வச்சுக்கங்க."

அண்ணன் அவளையே பார்த்தார். "அப்ப எட்டு விழுந்தாப் போதும்."

உருட்டினாள். பகடை துள்ளி ஓடி, பலகை இடுக்கில் விழுந்து மறைந்தது. அண்ணன் எங்கள் வீட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு குப்புறப் படுத்து, இடுக்கில் ஒரு கண்ணை வைத்தார். நான் கண்ணை இறுக மூடி மாதாவை வேண்டிக்கொண்டேன்.

"பதினெட்டு!"

ஸ்டெல்லா அந்த அறையிலேயே நிஜமாக ஒரு குட்டிக்கரணம் அடித்தாள். கால் கொடியில் மாட்டி, ஈரச் சட்டைகள் மொத்தமும் எங்கள் தலையில் விழுந்தன. அவ்வளவு சந்தோஷம் அந்த வீடு அதற்கு முன் பார்த்ததில்லை. பகடையை எடுக்க முடியவில்லை. மீதி விடுமுறையைப் பவுடர் டப்பாவில் எண் சீட்டுகளைக் குலுக்கியே ஓட்டினோம்.

இன்று அந்த வீடு இருந்த இடத்தில் ஒரு லாட்ஜ். பெட்டியும் புத்தகமும் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போயின. சமீபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தபோது அந்தப் பதினெட்டைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"பதினெட்டாவது ஒண்ணாவது! உங்க வீட்டு டார்ச்சுல பேட்டரியே இல்ல" என்றார் டேனியல் அண்ணன்.

நான் வாயைப் பிளந்தேன். ஸ்டெல்லா நிதானமாக அப்பளத்தை நொறுக்கினாள்.

"வெளிச்சமே வரலையேண்ணே, நான் அப்பவே பாத்தேன்."

"பெறகு எதுக்குடி அந்தக் கரணம்?" என்றேன்.

"அதான் அண்ணன் பதினெட்டுன்னு சொல்லிட்டாரே."