திரையிலிருந்து இறங்கிய புன்லோம்

எங்கள் நொங்புவா ஊர்ச் சந்தையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். காவல் தெய்வத்தின் கோயில் முன்னால் படம் ஓடிக்கொண்டிருந்தபோது, திரையிலிருந்த போப் என்கிற பேய் கீழே இறங்கி வந்து, பூசாரி கம்ப்பாயின் தாடையைப் பிளந்து எதையோ உள்ளே திணித்துவிட்டதாம். அன்றிலிருந்து கிழவர் அதற்கு அடிமையாம். முப்பத்திரண்டு பல்லையும் அது எண்ணிப் பார்த்ததாக ஐஸ் விற்கிறவள் சத்தியமே செய்வாள். கிழவருக்கு இருப்பதே நாலு பல். அதனால் உண்மைக் கதையை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

மீன் சுட்டு விற்கிற புன்லோம் சிறுமியாக இருந்தபோது ஊரில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. குடலைத் தின்னும் போப் பேய் யார் உடம்பிலோ குடியிருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. கம்ப்பாய் அப்போது மீசை முளைத்த புதுப் பூசாரி. விரித்த கைகளின் நீளத்துக்குச் சரியாக ஒரு கம்பை அளந்தார். தெய்வத்திடம் கேள்வியைக் கேட்டுவிட்டு மறுபடி அளக்கும்போது கம்பு விரல் நுனியைத் தாண்டினால் தெய்வம் ஆமாம் என்கிறது என்று அர்த்தம். புன்லோமின் அம்மா பெயரைச் சொன்னபோது தாண்டியது. ஊரே வாசலில் வந்து நின்றது. தாயும் மகளும் சோற்றுப் பானையோடு கால்வாய்க்கு அந்தப் பக்கம் போனார்கள். அம்மா அங்கேயே செத்துப்போனாள்.

புன்லோம் வளர்ந்து, திரும்பி வந்து, ஊர்க்கோடியில் சொந்தமாக வீடு கட்டினாள். கெளுத்தி மீன் சுட்டு விற்றாள். டவுன்காரர்கள் விரலைச் சூப்பிக்கொண்டு தின்றார்கள். உள்ளூரில் ஒரு ஆள்கூட அவள் கைப்பண்டத்தைத் தொடவில்லை. பேய் பிடித்தவள் மகளும் பேய்தானே!

அப்போதுதான் கிட்டி என்ற டைரக்டர் போப் பேய்க் கதை தேடிக் கொன்கேன் நகரத்திலிருந்து வந்தான்.

"கதை என்கிட்ட இருக்கு தம்பி. ஆனா எங்கம்மாவா நான்தான் நடிப்பேன்."

"கேமரா முன்னாடி ரொம்ப நேரம் அசையாம உக்காரணும்க்கா. முடியுமா?"

"பேச ஆளில்லாத ஊர்ல இத்தனை வருஷம் உக்காந்திருக்கேன். உன் கேமராதான் முதல்ல எந்திரிச்சுப் போகும்."

"கடைசில மந்திரவாதி வந்து பேயை ஓட்டணுமா?"

"வரட்டும், அவனை நான் ஓட்டுறேன்."

படம் எந்தெந்த நாட்டுக்கோ போய்ப் பரிசு வாங்கியது. புன்லோம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்தப் படம் தன் ஊரில், அதே தெய்வத்தின் முன்னால் ஓட வேண்டும். நேராகப் பூசாரியிடம் போனாள்.

"அளந்து பாருங்க பெரியப்பா."

"பேய்ப் படத்தைத் தெய்வம் பாக்குமாடி?"

"நேர்த்திக்கடன்னு நீங்க போட்ட குத்தாட்டப் படமெல்லாம் பாத்துச்சே. இதையும் பாக்கட்டும்."

கூட்டம் கூடிவிட்டது. கிழவர் மூச்சைப் பிடித்துக் கைகளை விரித்து முதல் அளவை எடுத்தார். தெய்வத்திடம் கேட்டுவிட்டு மறுபடி விரித்தபோது தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கம்பு விரலைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது. தெய்வம் சம்மதித்ததோ தோள்பட்டை சம்மதித்ததோ, நீண்டது நீண்டதுதான்.

படத்தன்று ஊரே பாயோடும் பப்பாளிக்காய்ச் சாலடோடும் வந்து உட்கார்ந்தது. புன்லோம் எல்லோருக்கும் பின்னால் தனியாக ஒரு பாய் விரித்தாள். அவளைச் சுற்றி ஒரு மாட்டு வண்டி திரும்புகிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

திரையில் ஒரு வீடு. படிக்கட்டு. படியில் ஒரு பெண்.

"படம் நின்னுபோச்சாடா?"

"இல்ல, கொசு பறக்குது பாரு. ஓடுது."

"மந்திரவாதி எப்ப வருவான்?"

"பஸ்ஸு கிடைச்சிருக்காது."

நம்மூர்க்காரர்கள் பார்த்த போப் படங்களில் எல்லோரும் அலறிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் குதிப்பார்கள். இதில் யாரும் குதிக்கவில்லை. வாசலில் கூட்டம் வந்து நிற்கிறது. முகங்கள் இல்லை, கால்கள் மட்டும். அந்தப் பெண் பானையைத் தூக்கிக்கொண்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, கால்களுக்கு நடுவே நடந்து போகிறாள். சிரிப்பெல்லாம் அடங்கியது.

"முன்னாடி நிக்கிறது யார் காலு?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"அன்னைக்கு முன்னாடி நின்னது என்னுது," என்றார் கம்ப்பாய்.

திரையில் அவள் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து, ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தனியாகத் தின்றுகொண்டே இருந்தாள். கேமரா நகரவே இல்லை. ஊரும் நகரவில்லை. கிழவர் மட்டும் எழுந்தார். திரை வெளிச்சத்தில் எல்லோரும் பார்க்க, அந்தக் காலி இடத்தைக் கடந்து போய்ப் புன்லோமின் பாயில் உட்கார்ந்தார்.

"கூடையில என்ன வச்சிருக்க?"

"சுட்ட கெளுத்தி. சோறு."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவள் அடுப்பு முன்னால் உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன், மூன்றாவது ஆளாக. திரையிலிருந்து இறங்கிய பேய் கிழவர் வாயைப் பிளந்து திணித்தது என்று ஊர் பேசுகிறதே என்று அவளிடமே கேட்டேன். மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"எந்தப் பேயும் இறங்கல, யார் வாயிலயும் நான் திணிக்கல. அவரா கூடைக்குள்ள கைய விட்டு எடுத்துத் தின்னாரு. இன்னொன்னு இருக்கான்னும் கேட்டாரு. என் கை மீனு, கேக்காம இருப்பாரா?"