மச்சான் சொன்ன உண்மை

பாலைவனத்துத் தஸ்ஸிலி தேசியப் பூங்காவில் வழிகாட்டியாக இருக்கும் அக்கமுக்குக்கு மனித முகத்தைவிடக் காலடித் தடத்தின் மேல்தான் நம்பிக்கை. முகம் சிரித்துக்கொண்டே பொய் சொல்லும், மணல் சொல்லாது என்பான். போன வருடம் அவன் கூட்டிப்போன ஒருவனின் பையில் ஆதிமனிதர் தானியம் அரைத்த அரைகல் ஒன்று அகப்பட்டது. "விலைக்கு வாங்கினேன்" என்று அந்த ஆள் தலையிலடித்துச் சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. அக்கமுக்கே நம்பவில்லை. அக்கமுக்கின் வழிகாட்டி உரிமத்தை ஆறு மாதம் பிடுங்கி வைத்தார்கள். இன்னொரு கல் போனால் ஆயுசுக்கும் கிடையாது.

அதனால் இன்று, ஓரான் நகரத்திலிருந்து தனியாக வந்திருந்த வஹீபா அம்மாள் குனிந்தால் இவனும் குனிந்தான். பாறைத் தூண்களுக்கு நடுவே அந்த அம்மாள் அடிக்கடி பின்தங்கினாள். ஒரு கல் வளைவுக்குப் பின்னால் கால்மணி நேரம் ஆளையே காணோம். போய்ப் பார்த்தால் மணலில் முழங்கால் பதிந்த குழி இரண்டு.

"என்னம்மா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி, படம் பிடிச்சேன்."

அந்த 'ஒண்ணுமில்ல' அவனுக்குப் பிடிக்கவே இல்லை.

கழுதையை ஓட்டிவந்த சமையற்காரன் ஹமதீன் அவனுடைய மாமன் மகன். இவர்களுடைய துவாரெக் ஜனங்களில் மாமன் மகன் என்ன வைதாலும் கோபப்படக் கூடாது. பட்டால் ஊரே சிரிக்கும். நிழலில் தேநீர் ஆற்றிக்கொண்டே அவன் வாயைத் திறந்தான்.

"என்ன மச்சான், அந்தம்மா பின்னாலயே மோப்பம் புடிச்சிட்டுத் திரியுற? திருடன் இங்க இருக்கேன், என்னைப் பாரு!"

"ரொட்டியையே கருக்குற பய, நீ கல்லைத் திருடப் போறியா?"

"போன வருஷக் கல்லை வித்ததே நான்தான், போ!"

வஹீபாவும் சேர்ந்து சிரித்தாள். மூன்றாவது குவளையும் குடித்து எழுந்தார்கள்.

இறங்கும் வழியில் அக்கமுக்குக்குப் பொறுக்கவில்லை. விருந்தாளியின் பையைத் திறக்கச் சொல்வதற்கு நாக்கு கூசியது, ஆனாலும் சொல்லிவிட்டான். உள்ளே கேமரா, மாத்திரை டப்பி, கீழே போடாமல் பத்திரப்படுத்திய ஆரஞ்சுத் தோல்.

"போதுமா தம்பி? பூட்ஸையும் கழட்டி உதறட்டுமா?"

வெட்கத்தில் தலை குனிந்தவன் கண்ணில் கழுதையின் தடம் பட்டது. காலையில் முட்ட முட்டத் தண்ணீரும் விறகும் சுமந்து ஏறிய கழுதை. இப்போது கேன்கள் காலி, விறகு சாம்பல். ஆனால் பக்கத்திலேயே கிடந்த காலைத் தடத்தைவிட இப்போதைய குளம்பு ஆழமாகப் பதிந்திருந்தது. நாள் முழுக்கக் காலடியில் கிடந்த தடத்தை அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

கழுதை மேலிருந்த கம்பளியை விலக்கினான், அடியில் அரைகல் இரண்டு இருந்தன.

"நான்தான் அப்பவே சொன்னேனே மச்சான்" என்று இளித்தான் ஹமதீன்.

"எடுத்த எடத்துலயே வெச்சுட்டு வா. கீழ போனதும் பூங்கா ஆபீஸ்ல சொல்லணும்."

"என்னன்னு சொல்லுவ?"

"நீ சொன்னதைத்தான், போன வருஷக் கல்லையும் சேர்த்து."

ஹமதீன் வழக்கம்போலச் சிரித்தான். பதிலுக்கு மச்சான் சிரிப்பான் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.