காந்தம் இல்லாத டேங்க் பேக்

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டு வந்ததை வண்டி நண்பர்கள் நான்கு பேரிடமும் மறைத்தேன். குடலிறக்க ஆபரேஷன் என்று புளுகினேன். ஞாயிறுதோறும் விடிகாலையில் தருமபுரியிலிருந்து பைக்கில் ஒன்றாகக் கிளம்புகிறவர்கள் நாங்கள். விஷயம் தெரிந்தால் கழற்றிவிடுவார்களோ என்று பயம். ஓட்டலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கென்று இருந்தது அந்த ஞாயிறு ஒன்றுதான். அதையும் விட்டால் டிவி முன்னால் உட்கார்ந்தே சாக வேண்டியதுதான்.

மாத்திரை, பேஸ்மேக்கர் அட்டை, தண்ணீர் பாட்டில் மூன்றையும் எடுத்துப்போக வேண்டும். முதுகுப்பை மாட்டினால் அதன் வார் தையல் போட்ட இடத்தை அறுத்தது. பெட்ரோல் டேங்கின் மேல் வைக்கிற டேங்க் பேக்தான் சரி, அதுவும் சின்னதாக. பெரிது என்றால் நாங்கள் வழக்கமாக ஏறும் வத்தல்மலை வளைவுகளில் ஹேண்டில் பாரைத் திருப்பும்போது இடிக்கும். சேலத்தில் ஒரு கடைக்குக் கிளம்பினேன். நால்வரில் ஒருவன், பள்ளிக்கூடத்திலிருந்தே என்னோடு சுற்றுகிறவன், தானும் வருவேன் என்று தொற்றிக்கொண்டான்.

கடையில் இருந்த நல்ல பைகளுக்கெல்லாம் அடியில் காந்தம். டேங்கில் வைத்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பேஸ்மேக்கருக்கோ காந்தம் ஆகாது. வாரால் கட்டுகிற பழைய மாடல் ஒன்றே ஒன்று மூலையில் கிடந்தது. அதை எடுத்தேன்.

"அட கருமமே! இதையா வாங்கற? பெட்ரோல் போடறப்பல்லாம் அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டு இருப்பியா?" என்ற நண்பன், காந்தப் பை ஒன்றைத் தூக்கினான். "இதப் பாருப்பா, எப்படிப் புடிக்குதுன்னு" என்று விளையாட்டாக என் ஜாக்கெட் ஜிப்பில் ஒட்ட வந்தான்.

நான் துள்ளிப் பின்வாங்கியதில் ஹெல்மெட் அடுக்கு சரிந்தது. கடைக்காரர் ஓடிவந்தார். என் கை தானாகவே இடது நெஞ்சை மூடியிருந்தது. அதை நண்பன் பார்த்துவிட்டான்.

"நெஞ்சுல என்னப்பா?"

சொன்னேன். மற்றவர்களிடம் சொல்லாதே என்று கெஞ்சினேன். தலையாட்டினான். வார் வைத்த பையை அவனே எடுத்துக்கொண்டு வந்தான்.

அடுத்த ஞாயிறு நாங்கள் வழக்கமாகக் கூடும் பெட்ரோல் பங்க்கில் ஒருவரும் இல்லை. அவனுக்குப் போன் போட்டேன். "வூட்டுக்கு விருந்தாளிங்க வந்துட்டாங்கப்பா. இந்த வாரம் யாருமே போகல" என்றான். அவன் குரலுக்குப் பின்னால் வண்டிகள் உறுமின. துரோகி! தனியாகவே வத்தல்மலைக்கு விட்டேன்.

மேலே டீக்கடையில் நால்வரும் இருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவன் அவசரமாக எழுந்து எனக்கு நாற்காலி போட்டான். இன்னொருவன் எனக்குச் சர்க்கரை இல்லாத டீ சொன்னான். எனக்குச் சர்க்கரை நோயே கிடையாது.

"ஏண்டா பொய் சொன்ன?" என்று நண்பனைக் கேட்டேன்.

"நீ சொல்லலியா? வழியில உனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா, உன் வூட்ல நான் என்னன்னு பதில் சொல்றது?" அவன் கண் கலங்கியிருந்தது. திட்ட வேண்டும் என்றுதான் வந்தேன். முடியவில்லை.

கிளம்பும்போது கையை நீட்டினான். "சாவியக் குடுப்பா. எறக்கம் பூரா வளைவு. நான் ஓட்டறேன். என் வண்டிய அப்பறம் வந்து எடுத்துக்கறேன்."

டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்துவிட்டேன்.

என் வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. முதல் வளைவில் பிடித்துக்கொள்ள ஒன்றும் அகப்படாமல் அவன் தோளைப் பற்றினேன்.

"பயப்படாதப்பா, மெதுவாத்தான் போறேன்" என்றான்.