மூடியைத் திறக்காத வாரம்

என் அண்ணி பஸ் ஓட்டுகிறாள். இதை யாரிடம் சொன்னாலும் அடுத்து அவர்கள் கேட்பது, "அப்ப வீட்டுல சமையல்?" என்பதுதான். அந்தப் பெரிய வண்டியைச் சந்து முனையில் எப்படித் திருப்புகிறாள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் பஸ் நிற்பதே தெரியாது. நின்றுகொண்டே கண்ணுக்கு மை தீட்டும் பெண்கள் கோடு கோணாமல் இறங்கிப் போவார்கள். புதிதாகச் சேரும் ஓட்டுநர்களை, "அந்தம்மா பின்னாடி உட்கார்ந்து ரெண்டு நடை போய்ட்டு வா" என்று டிப்போவில் அனுப்பிவைப்பார்களாம். பேர் இல்லாத வாத்தியார் வேலை.

அதற்கு ஒரு பேர் கிடைக்கும் வாய்ப்பு இந்த வருடம் வந்தது. பயிற்றுநர் பதவி. அதற்குமுன் சில மாதங்கள் வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்குப் போக வேண்டும். விருப்பமுள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பேர் கொடுக்க வேண்டும்.

அண்ணி இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"நல்ல விஷயமாச்சே" என்றான் அண்ணன். இரண்டு வாய் சாப்பிட்டான். பிறகு தட்டைப் பார்த்தபடியே, "அப்ப சாயந்திரம் சாப்பாடு?" என்றான்.

அண்ணனைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவன் லிஃப்ட் மெக்கானிக். எவராவது இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் இவனுடைய சாப்பாடும் பாதியில் நின்றுவிடும். அப்பா மின்சார அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்; வெந்நீர் வரைக்கும் போவார், அதற்கு மேல் போகமாட்டார். அண்ணன் மகளுக்கு ஃப்ரிட்ஜ் கதவுவரைதான் சமையலறை. மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் மாட்டுகிற எனக்கு முட்டை வேகவைக்கத் தெரியும், அதையும் தெரியாதது போலவே காட்டிக்கொள்வேன். ஆக, வீடு மொத்தமும் அண்ணி வந்து சேரும் நேரத்தை வயிற்றில் கட்டிவைத்திருந்தது. அவள் தோள்பையை இறக்குவதற்குள் யாராவது ஒருவர், "இன்னைக்கு என்ன?" என்று கேட்டிருப்போம்.

"இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்று அண்ணி எழுந்து போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்தாள். உள்ளே மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கர். கனமான பீங்கான் பாத்திரம், கண்ணாடி மூடி, வெளியே சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு திருகு. அவள் பஸ்ஸின் கண்டக்டர் அக்கா வீட்டில் சும்மா கிடந்ததாம்.

"இது விசில் அடிக்குமாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"அடிக்காது மாமா. காலையில போட்டுட்டுப் போனா சாயந்திரம் வரைக்கும் அதுபாட்டுக்கு வேகும். யாரும் பக்கத்துல நிக்க வேண்டாம்."

அண்ணன் மகள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "பெரியப்பா மாதிரி இருக்கு."

"எந்தப் பெரியப்பாடி?"

"எல்லாப் பெரியப்பாவும்தான். மூலையில உட்கார்ந்துடுவாங்க. ஒண்ணும் பேச மாட்டாங்க. சூடாகவே அரைநாள் ஆகும்."

அன்றிலிருந்து அதற்குப் பெரியப்பா என்றே பேர்.

அண்ணி ஒப்பந்தத்தைச் சொன்னாள். இந்த வாரம் முழுக்க, வகுப்பு இருப்பது போலவே அவள் தாமதமாக வருவாள். நாங்களே எடுத்துப் போட்டுச் சாப்பிட வேண்டும். "ரெண்டே விஷயம். மூடியைத் திறக்கக் கூடாது. எனக்குப் போன் பண்ணக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரைக்கும் ஒரு போன்கூட வரலைன்னா பேர் கொடுத்துடுவேன். வந்துச்சுன்னா, சரி, எனக்குக் கொடுப்பினை இல்லைன்னு விட்டுடுறேன்."

"இவ்வளவுதானா?" என்று அண்ணன் சிரித்தான். சீப்பு எங்கே, ரிமோட் எங்கே, நகவெட்டி எங்கே என்று பகலெல்லாம் அவளுக்குப் போன் செய்கிறவன் அவன். அவள் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். இது எவ்வளவு பெரிய ஆசை என்று அந்த டம்ளரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை உருளைக்கிழங்கும் கேரட்டும், முன்பே வேகவைத்த மொச்சையும். அண்ணி கிளம்பியதும் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சத்தமே போடாத பாத்திரத்தை எவ்வளவு நேரம் நம்ப முடியும்? அப்பா திறந்து பார்த்தார். "பாவம், அவசரத்துல மறந்திருப்பா" என்று கொஞ்சம் உப்பும் போட்டார். ஸ்பேனர் எடுக்க வந்த அண்ணன் திறந்து பார்த்தான், அவன் பங்குக்கு உப்புப் போட்டான். பள்ளி விட்டு வந்த அண்ணன் மகள் திறந்தாள். நான் வந்து திறந்தேன். பெரியப்பா யாரையும் கோபிக்கவில்லை, வேகவும் இல்லை. மாலையில் உருளைக்கிழங்கைக் கரண்டியால் அழுத்தினால் கரண்டி வளைந்தது. போன் செய்ய அண்ணனுக்கு ரோஷம் விடவில்லை. ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டோம்.

அண்ணி வந்து ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள். "எத்தனை பேர் திறந்தீங்க?"

அண்ணன் ஜாம் பாட்டிலின் மூடியை இறுக்கி மூடினான்.

"உள்ள இருந்த சூடெல்லாம் உங்க மூஞ்சிக்குத்தான் போயிருக்கு. உப்பு போட்டவங்க மட்டும் கை தூக்குங்க, மீதியை நான் கேட்கல."

அன்று இரவே மறுநாளைக்கான காய்களை நறுக்கி ஃப்ரிட்ஜில் வைத்தாள். நான் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். காலையில் அவள் பாத்திரத்தில் அடுக்குவதைப் பார்ப்பதற்கே சீக்கிரம் எழுந்தேன்.

"பஸ்ல ஆள் ஏத்துற மாதிரிதான் தம்பி" என்றாள். "கிழங்கு, கேரட் எல்லாம் கடைசி ஸ்டாப் வரைக்கும் போற ஆளுங்க. அவங்க முதல்ல ஏறி அடியில போய்டணும். கோழி அதுக்கு மேல. கீரை, பால் எல்லாம் அடுத்த ஸ்டாப்ல இறங்குறவங்க, அவங்களைக் கடைசியில ஏத்தினா போதும். தண்ணி ரொம்ப வேண்டாம், காயே விடும். அப்புறம் கதவைச் சாத்திடணும். நடுவுல கதவைத் திறந்தா வண்டி எப்படிப் போய்ச் சேரும்?"

செவ்வாய்க்கிழமை யாரும் கதவைத் திறக்கவில்லை. தக்காளியும் மிளகும் ஊறிய கோழி, கரண்டி பட்டதும் எலும்பை விட்டுக் கழன்றது. அண்ணன் இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டான். அப்பா ரொட்டியால் தட்டை வழித்தார். புதன், வியாழன் இரண்டு நாளும் அப்படியே போயின. வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தில் வந்து படியும் அந்த வாசனைக்காகவே அண்ணன் சீக்கிரமாக வீடு திரும்ப ஆரம்பித்தான். பெரியப்பாவுக்கு வீட்டில் மரியாதை கூடிவிட்டது.

வெள்ளிக்கிழமை பருப்பும் பூசணியும். காலையில் அண்ணி திருகைத் திருப்பிவிட்டுப் போனாள். போகும்போது வாசலில் ஒரு நொடி நின்றாள்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். வீட்டை விட்டுக் கிளம்பினால் அறை அறையாகப் போய் எல்லா சுவிட்சையும் அணைத்துக்கொண்டே வாசலுக்கு வருவார். ஆயுசு முழுக்க அடுத்தவர்களுக்கு மின்சாரத்தைப் பற்றிப் புத்தி சொன்னவர், அவரால் வேறு எப்படியும் வெளியே போக முடியாது. ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் தப்பிக்கும். அந்த வாரம் வியாழன் வரை கால் சுளுக்கென்று வீட்டிலேயே இருந்தார். வெள்ளிக்கிழமை கால் சரியாகிவிட்டது. காலையிலேயே நண்பரைப் பார்க்கக் கிளம்பினார்.

கடையில் அன்று எனக்கு அரைநாள் வேலை. வந்ததும் சமையலறையில் நின்றேன். வாசனையே இல்லை. பாத்திரத்தைத் தொட்டேன், தண்ணீர்க் குடம் போலச் சில்லென்று இருந்தது.

சற்று நேரத்தில் அப்பா வந்தார். நான் சுவிட்சைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"உங்க அண்ணிகிட்ட எப்படிடா முகத்தைக் காட்டுவேன்?"

அண்ணன் மகளும் வந்தாள், அண்ணனும் வந்தான். மூன்று பேரும் நின்றோம், அப்பா உட்கார்ந்திருந்தார். அண்ணன் மூடியைத் திறந்தான். பருப்பு பகலெல்லாம் தண்ணீரில் ஊறி உப்பிப்போய்ச் சிரித்தது.

அண்ணனின் கை சட்டைப்பைக்குப் போனது. போன் வெளியே வந்தது. "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். இதை இப்ப என்ன பண்றதுன்னு மட்டும்."

"அப்பா" என்றாள் மகள். "லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்ககிட்ட நீங்க முதல்ல என்ன சொல்வீங்க?"

அண்ணன் விரலைப் போன்மேல் வைத்தபடி யோசித்தான். "பதறாதீங்க. சும்மா பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்காதீங்கன்னு சொல்வேன்."

"அப்ப அமுக்காதீங்க."

அவன் போனை என்னிடம் கொடுத்தான். "இதை நீ வெச்சுக்கோ. நான் கேட்டாலும் கொடுக்காதே." பிறகு சட்டைக் கையை மடித்தான். "பெரிய சட்டி எங்க இருக்கு?"

எங்கள் நால்வருக்கும் தெரியவில்லை. எல்லாக் கதவையும் திறந்து பார்த்தோம். கடைசியில் அடுப்புக்குக் கீழேயே இருந்தது. அண்ணன் அதைப் பார்த்தபடி, "இவ்ளோ பக்கத்துலயா" என்றான். பருப்பையும் பூசணியையும் அதில் கொட்டி அடுப்பில் ஏற்றினோம். ஊறிய பருப்பு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கொதித்தது. பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. மகள் கிளறச் சொன்னாள், அண்ணன் கிளறினான். அப்பா பூண்டு உரித்தார், யாரும் கேட்காமலே ஒரு கைப்பிடி உரித்துவிட்டார். எல்லாவற்றையும் போட்டோம். நான் ருசி பார்த்து உப்புப் போட்டேன். நான் ஒருவன் மட்டும்தான் போட்டேன், அதை மூவரும் கவனித்தார்கள். அடி லேசாகப் பிடித்தது. என் சட்டைப்பையிலிருந்து போன் ஒரு தடவைகூட வெளியே வரவில்லை.

அண்ணி வரும்போது இருட்டிவிட்டது. மேசையில் தட்டுகளும் கிண்ணத்தில் பருப்பும் இருந்தன. அவள் அடுப்பைப் பார்த்தாள், வழிந்து காய்ந்திருந்ததைப் பார்த்தாள், தொட்டியில் கிடந்த சட்டியைப் பார்த்தாள்.

"யாரு ஆஃப் பண்ணது?"

அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி கை தூக்கினார்.

"நினைச்சேன் மாமா. உங்க கால் சரியாகணும்னு வேண்டிக்கிட்டேன், வெள்ளிக்கிழமையே சரியாகும்னு நினைக்கல."

"போன் பண்ணல" என்று அண்ணன் அவசரமாகச் சொன்னான். "வேணும்னா தம்பியைக் கேளு. நாங்களே செஞ்சோம். நீ போய்ப் பேர் கொடுத்துட்டு வந்தியா, இல்லையா? அதைச் சொல்லு முதல்ல."

அண்ணி உட்கார்ந்தாள். ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டு ஊதினாள்.

"மதியம் டீ குடிக்கப் போனப்பவே கொடுத்துட்டேன்."

அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தான். "மதியமா? அப்ப சாயந்திரம் நான் போன் பண்ணியிருந்தா?"

"பஸ் ஓட்டிக்கிட்டு இருக்கும்போது எவன் போன் எடுப்பான்?" என்று அவள் முதல் வாய் சாப்பிட்டாள். நாங்கள் நால்வரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "பூண்டு யாரு போட்டது, ஊர்ல இருக்கிறதெல்லாமா?"

"நான்தான்" என்றார் அப்பா.

"நல்லாயிருக்கு" என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். "திங்கக்கிழமை வகுப்பு ஆரம்பம். என்ன செய்யலாம்னு நீங்களே பேசி வைங்க, நான் சாப்பிடுறேன்."

அண்ணன் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தான்.